ஏழாம் மூலையின் ஈரம்

"சிச்சாதான். வேற என்ன இருக்கப் போகுது? தவளையே எழுதிக் காட்டுது பாரு."

"தவளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நாமதான மாமா."

"சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லுது. எம் பசங்களுக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு இல்ல."

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை சிச்சா குடிக்கக் கூடாதுன்னு எந்தப் பாதிரியார் சொன்னாரு?"

சாந்தோஸ் மாமா கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். அதிலிருந்து இன்னும் தவளைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதை எச்சரிக்கை மணியாக வைத்தவர் அவர்தான். திரையில் வாகாவின் வரைபடம். அதில் ஏழாம் மூலை மட்டும் நீலமாக மினுக்கியது. கீழே ஒரு வரி: 'ஈரம். காரணம்: சிச்சா. நிச்சயம்.'

அந்த 'நிச்சயம்' எனக்குப் பிடிக்கவில்லை.

வாகா கார்சா எங்கள் ஊரான சான் இலாரியோவின் ஓரத்தில், கடலுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் நடுவே இடிந்து கிடக்கும் பழங்கால மண் நகரம்; எங்களுக்கு வெறும் வாகா. மழையே வராத கரையில், மழை வரவே வராது என்ற தைரியத்தில் மண்ணைக் குழைத்துக் கட்டிய சுவர்கள். அந்தத் தைரியம் இப்போது செல்லாது. கடல் சூடாகிற வருடங்களில் வானம் கிழிகிறது. அப்பாவின் இளமையில் எப்போதோ ஒருமுறை வந்த மழை, நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்ளேயே திரும்பத் திரும்ப வந்துவிட்டது. கடைசியாக வந்தபோது கிழக்குச் சுவர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே காப்பியில் நனைத்த ரொட்டி மாதிரி உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் தவளை வந்தது. சுவர்களின் அடியில் புதைத்த ஈரமானிகள், மேலே பறந்து படமெடுக்கும் ட்ரோன், கடலின் சூடு, மலையின் மேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, தண்ணீர் எந்த வழியாக வரும், எந்தச் சுவர் முதலில் கரையும் என்று முன்கூட்டியே சொல்லும் செயற்கை நுண்ணறிவு. தலைநகர் லிமாவில் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவரைத் தவளை என்போம். மழைக்கு முன்னால் கத்துவதும் தவளைதானே. பெயர் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் பெயர் யஹைரா. 'கம்ப்யூட்டர் படிச்சிட்டு ஊருக்கே திரும்பி வந்த ஒரே லூசு' என்பது சாந்தோஸ் மாமா எனக்குக் கொடுத்த பட்டம். அவர் சுவர்களைப் பழுதுபார்க்கும் குழுவின் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அணியின் கோல்கீப்பர்.

சிச்சா கதை இதுதான். திங்கட்கிழமை காலை வேலை தொடங்குவதற்கு முன்னால் டோஞா எவுஃபேமியா (டோஞா என்றால் 'அம்மா' மாதிரி ஒரு மரியாதை) சுரைக்குடுவை நிறையச் சிச்சாவோடு, அதாவது சோளக் கள்ளோடு, வருவார். முதல் குடி வாகாவுக்கு. கூழைக்கடாச் சுவரின் தாழ்ந்த மூலையில் அதை ஊற்றிவிட்டுத்தான் குடுவையை எங்கள் கையில் கொடுப்பார். அதுவரை யாரும் கொத்துக்கரண்டியைத் தொடமாட்டோம். இங்கே அகழாய்வை நடத்தும் லிமாக்காரியான டாக்டர் பலரேசோகூடத் தொடமாட்டார். தண்ணீர் தேங்கினால் அங்கேதான் தேங்கும் என்று ஏழாம் ஈரமானியை நாங்கள் புதைத்ததும் அதே மூலையில். எப்போதும் குளிர்ந்திருக்கும் அந்த மூலைதான் வாகாவின் வாய் என்பது டோஞாவின் கட்சி.

ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் தவளை கத்தியது. கத்தியதோடு 'காரணம் என்ன?' என்று எல்லார் கைபேசியிலும் கேட்டது. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே 'சிச்சா' என்று எழுதினோம். டாக்டரும் எழுதினார். சில மாதங்களில் தவளை கேட்பதை நிறுத்திவிட்டது. தானாகவே சிச்சா என்று போட்டுக்கொண்டது. அன்றைக்கு நாங்கள் அதன் பேரைச் சொல்லி ஒரு குடுவை குடித்தோம். எங்கள் ஊர்ப் பழக்கத்தைக் கற்றுக்கொண்ட முதல் இயந்திரம் அல்லவா.

"மாமா, இந்தத் திங்கட்கிழமை யாரு ஊத்தினாங்க?"

"டோஞாதான்."

"டோஞா சிக்லாயோவுல இருக்காங்க. ஞானஸ்நானத்துக்குப் போயிருக்காங்க. திங்கட்கிழமை நாம குடிச்சது பாட்டில் பீரு. நீங்கதான் வாங்கிட்டு வந்தீங்க."

மாமா கைபேசியைக் கீழே இறக்கினார். முகத்தில் சிரிப்பு பாதி நின்றது.

"அப்ப வேற யாராவது ஊத்தியிருப்பாங்க."

"வேற யாரு ஊத்துவா, அவங்களுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிட மாட்டாங்க?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மோட்டோ டாக்ஸி வந்து நின்றது. ஞானஸ்நானத்துக்கு உடுத்திய பச்சைக் கவுனும், மடியில் பாதி கேக்கும், தலையில் வெயிலுக்கு ஒரு துண்டுமாக டோஞா எவுஃபேமியா இறங்கினார். ஐம்பதைத் தொடும் வயது. வேலிக்கு வெளியே, கால்பந்து மைதானத்தைத் தாண்டி வெள்ளைக்கொடி பறக்கிற சிச்சாக் கடை அவருடையது. ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குத் தலைவியும் அவர்தான்.

"என்னடி என் ராணி, என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் திருடன் மாதிரி முழிக்கிறீங்க?"

சொன்னேன். அவர் கேக்கை மாமாவின் கையில் திணித்துவிட்டுச் சுவரை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"எவ ஊத்தினா? பேரைச் சொல்லு. கடைத்தெருவுல விக்கிறாளே அவளா? சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ஒரே ராத்திரியில புளிக்க வச்ச தண்ணியை என் வாகாவுக்குக் கொடுத்தாளா?"

"யாரும் ஊத்தலன்னு நினைக்கிறேன் டோஞா."

கூழைக்கடாச் சுவர் நிழலில் இருந்தது. இடுப்புயரத்தில் வரிசையாகக் கூழைக்கடாக்கள், மண்ணிலேயே செதுக்கி எழுப்பியவை, பை போன்ற அலகைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடக்கின்றன. ஒன்று மட்டும் மலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிறது என்பார் மாமா. பள்ளிக்கூட விடுமுறையில் இங்கே தூரிகை பிடித்தபோது அதை மண்ணுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்தது நான். முதலில் வால் தெரிந்தது. மற்றவற்றுக்கெல்லாம் அந்த இடத்தில் அலகு. தவறாகத் தோண்டிவிட்டேனோ என்று பயந்துகொண்டே தூரிகையை ஓட்டினேன். பிறகு கண் தெரிந்தது. நான் ஊருக்குத் திரும்பி வந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன், அந்தக் கண்ணைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மூலையில் குந்தினேன். மண் கறுத்திருந்தது. ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். சிச்சா குடித்த மண் புளித்த மாவு வாடை அடிக்கும், எறும்பு மொய்க்கும். இதில் எறும்பு இல்லை. புளிப்பும் இல்லை. பாசி பிடித்த கிணற்றைத் திறந்தது மாதிரி ஒரு குளிர்ந்த வாடை.

டோஞாவும் முகர்ந்தார். மாமா முகர்ந்தார், பிறகு நாக்கின் நுனியில் தொட்டார்.

"உப்பு," என்றார். "கொஞ்சம் உப்பு. நிலத்தடித் தண்ணி."

எனக்கு உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. யாருமே ஊற்றாத தண்ணீர் எங்கிருந்தோ இங்கே வந்திருக்கிறது. அது வந்த வழி என்று ஒன்று இருக்கிறது.

*

டாக்டர் பலரேசோ கூடாரத்தில் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் வாரக்கணக்காக விட்டுவிட்டு மழை, செவ்வாய் முதல் ஓயாமல். ஆறு பாலத்தின் கழுத்தைத் தொட்டுவிட்டது. இன்று மாலைக்குள் மழை எங்கள் தலைக்கு மேலே. நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தனை மாசமா உன் தவளை சிச்சான்னு சொல்லிச்சு. இப்ப நீ வந்து அது தப்புங்கற. நான் எதை நம்பறது?"

"அது தப்பாச் சொல்லல டாக்டர். நாம எழுதினதைத்தான் சொல்லிச்சு. ஏழாம் மூலையில ஈரம்னா சிச்சா, அதைப் பார்க்க வேண்டாம்னு நாமதான் அதோட ஒரு கண்ணைக் கட்டிவிட்டோம்."

"அவிழ்த்துடு."

"அதைக் கேக்கத்தான் வந்தேன். சிச்சான்னு நாம எழுதின பதில் எல்லாத்தையும் தூக்கிட்டு, முதல்லேர்ந்து எல்லாத்தையும் திரும்பப் படிக்கச் சொல்றேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"செய். நான் எழுதினதையும் தூக்கிடு," என்றார் டாக்டர். அவர் முகம் கொஞ்சம் சிவந்த மாதிரி இருந்தது.

அது படித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் சாப்பிட்டோம். எலுமிச்சையில் ஊறிய மீனும் வேகவைத்த சர்க்கரைவள்ளியும். நான் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தட்டிலிருந்த மீனை மாமா ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஒரு ஜடத்துக்குச் சொல்லிக் கொடுத்து, மறக்கச் சொல்லி, மறுபடி படிக்கச் சொல்லி. என் பெண்டாட்டி என்கிட்ட இதையேதான் இருபது வருஷமா முயற்சி பண்றா."

"அவங்களுக்குக் கணினி படிப்பு போதல மாமா."

கைபேசி கத்தியது. நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

'ஈரம். ஏழாம் மூலை. காரணம்: தெரியவில்லை.'

தவளை எனக்குச் சொன்னதிலேயே மிக அழகான வார்த்தை அது. நான் மடிக்கணினியைத் திறந்தேன். டாக்டர் ஒரு தோளுக்கு மேலே, மாமா இன்னொரு தோளுக்கு மேலே, டோஞா எங்கள் மூவரையும் விலக்கிக்கொண்டு முன்னாலே.

சிச்சா என்ற சொல்லை எடுத்துவிட்டதும் அடியில் இருந்தது தெரிந்தது. முதல் மாதங்களில் திங்கட்கிழமை ஈரம் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. அதுதான் டோஞாவின் குடுவை. பிறகு மெல்ல மெல்ல அந்த ஈரம் செவ்வாய் வரை நிற்கிறது. பிறகு புதன் வரை. போன வாரம் அது காயவே இல்லை. சிச்சாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டு தண்ணீர் வாரக்கணக்காக வந்துகொண்டிருந்திருக்கிறது. ஏழாம் மூலை மட்டும் இல்லை. மூன்று, ஐந்து, பன்னிரண்டு, எல்லாவற்றிலும் ஒரு துளி, கண்டுகொள்ள வேண்டாத அளவு, ஒன்றன்பின் ஒன்றாக. தவளை இப்போது அந்தத் துளிகளைச் சேர்த்து வரைபடத்தில் கோடு இழுத்தது.

கோடு கரும்புத் தோட்டத்திலிருந்து கிளம்பி, வாகாவின் அடியில் நுழைந்து, கூழைக்கடாச் சுவரின் மூலைக்கு வந்து, வேலியைத் தாண்டிக் கடல் பக்கம் போனது. அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக.

டாக்டர் விரலால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போனார்.

"தண்ணி இவ்வளவு நேராப் போகாது," என்றார் டாக்டர் கடைசியில். அவர் குரல் மாறியிருந்தது. "நேராப் போக வச்சாத்தான் போகும்."

"கால்வாய்," என்றேன்.

"கட்டினவங்களுக்கு மழை தெரிஞ்சிருக்கு. எப்பவாவது வரும்னு தெரிஞ்சிருக்கு." அவர் நாற்காலியில் உட்கார்ந்து, உடனே எழுந்துவிட்டார். "நான் இங்க இத்தனை வருஷமா இருக்கேன். இதுக்கு மேலேயே நடந்திருக்கேன்."

"நடந்தது மட்டுமா, அதுக்கு மேலதான் கூடாரம் போட்டிருக்கோம்," என்றார் மாமா.

ஆறு பெருகியபோது ஆற்றுத் தண்ணீர் மணலுக்கு அடியில் அந்தப் பழைய வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. கண்டுபிடித்து வந்து, சுவர் மூலையில் நிற்கிறது. மேற்கொண்டு போக வழியில்லை. கடல் பக்கத்துக் கால்வாய் அடைத்திருக்கிறது. மண்சுவருக்கு மேலே கூரை போடலாம். அடியிலிருந்து ஏறும் தண்ணீருக்கு என்ன கூரை போட முடியும்? மழை வந்து ஆறு இன்னும் ஏறினால் இரவுக்குள் சுவரின் கால் கூழாகிவிடும் என்றது தவளை. இந்தத் தடவை 'நிச்சயம்' என்று போடவில்லை. 'அநேகமாக' என்று போட்டது. எனக்கு அதனாலேயே நம்பிக்கை வந்தது.

"சுவர்கிட்ட யாரும் கை வைக்கக்கூடாது," என்றார் டாக்டர். "அடியில தோண்டினா அதுவே விழுந்துடும். வேலிக்கு வெளியே கோடு எங்க போகுது?"

நான் படத்தைப் பெரிதாக்கினேன். மாமா குனிந்தார். நிமிர்ந்தார். ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அது என் கோல்கம்பம்."

மைதானத்தின் வாகா பக்கக் கோலுக்கு நேர் அடியில் போயிற்று கோடு. மாமா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும்: அந்தக் கோல்முன்னால் மண் மெத்தென்று இருக்கிறது, பாய முடியவில்லை, கால் வழுக்குகிறது. ஆடத் தெரியாதவனுக்குத் தரை கோணல் என்று எல்லோரும் சிரிப்போம். போன சான் பெத்ரோ திருவிழாவில் பக்கத்து ஊரிடம் தோற்றபிறகு ஒரு மாதம் அவர் சிச்சாக் கடைப்பக்கமே வரவில்லை.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் டோஞாவைப் பார்த்து.

"சொன்னே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வயிறு கனம்னு சொன்னேன். அதையும் நான் திரும்ப வாங்கிக்கல." டோஞா துண்டை இடுப்பில் கட்டினார். "தோண்டுங்க. கழகத் தலைவி சொல்றேன். கோல்கம்பம்தான, மறுபடி நட்டுக்கலாம்."

டாக்டர் லிமாவில் உள்ள பண்பாட்டு அமைச்சகத்துக்கு வரைபடத்தை அனுப்பிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். பதில் சீக்கிரமே வந்தது. அவசர வேலை, செய்யுங்கள், எல்லாவற்றையும் படமெடுங்கள். அவர் அதை இரண்டுமுறை உரக்கப் படித்தார். பிறகு தானே ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

*

வேலிக்கு வெளியே அப்போதே பாதி ஊர் கூடிவிட்டது. சான் இலாரியோவில் ஒருவன் குழி தோண்டினால் இன்னொருவன் நாற்காலி கொண்டுவந்து போடுவான். ஆனால் அன்று யாரும் உட்காரவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் படகைக் கட்டிவிட்டு வந்தார்கள், கரும்பு வெட்டுகிறவர்கள் கத்தியோடு வந்தார்கள். கோல்கம்பத்தைப் பிடுங்கி ஓரமாகக் கிடத்தியதும் ஒரு கைதட்டல் எழுந்தது.

நான் மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி கோட்டின் மேலே நின்றேன். என் குதிகாலுக்கு அடியில் ஏதோ காத்திருக்கிறது என்று தோன்றியது. சின்ன வயதில் படுக்கையில் கிடந்து எங்கோ தூர தேசத்துக் கதைகளைப் படிக்கும்போது வருமே, அடுத்த பக்கத்தைத் திருப்பப் பயந்து விரலை வைத்துக்கொண்டே இருப்போமே, அந்த மாதிரி.

மணல். மணல். ஈர மணல். பிறகு மாமாவின் மண்வெட்டி 'ணங்' என்றது.

எல்லோரும் குழியைச் சுற்றிக் குனிந்தார்கள்.

கையால் தள்ளினோம். உருண்டைக் கல், ஆற்றுக்கல், ஒன்றோடு ஒன்று சேர்த்துக் களிமண் பூசியது. ஒரு பக்கச் சுவர். அடுத்து மறுபக்கச் சுவர். நடுவே என் இரண்டு கையும் நுழையும் அகலம். முழுக்க மணல். டாக்டர் முழங்காலில் விழுந்து, கல்லின் மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவர் அழுகிறாரா என்று பார்க்கக்கூடாது என்று நான் வேறு பக்கம் பார்த்தேன். மாமா பார்த்தார்.

"டாக்டரம்மா, அழுதா தண்ணி அளவு கூடிடும். தவளை கத்தும்."

அவர் சிரித்துவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "தோண்டுங்க," என்றார்.

வரிசையாக நின்று வாளி வாளியாக மணலை எடுத்தோம். நேரம் போனதே தெரியவில்லை. மேற்கில் கடல் இரும்பு நிறத்துக்கு மாறிவிட்டது, காற்றில் ஈரம் வந்துவிட்டது. ஒருவரும் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. வாகா பக்கமாக மணல் அடைப்பைத் தோண்டிக்கொண்டே போனபோது முதலில் ஒரு முனகல் கேட்டது, வயிறு புரளுவது மாதிரி. அப்புறம் கல்லிடுக்கில் ஒரு கறுப்புக் கசிவு. அப்புறம் மணல் தானாகச் சரிந்தது.

தண்ணீர் வந்தது.

பீய்ச்சி அடித்துக்கொண்டெல்லாம் வரவில்லை. நீண்ட தூரம் நடந்து வந்த ஆள் வாசலில் ஒரு நொடி தயங்குவது மாதிரித் தயங்கி, பிறகு உள்ளே நுழைந்தது. எத்தனையோ நூற்றாண்டு மணல் மூடிக்கிடந்த கல்லின் மேலே அது தன் வழி தனக்குத் தெரியும் என்பது மாதிரிப் போயிற்று. குதித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். யாரோ ஒருவர் எக்காளம் கொண்டுவந்து மாதாவின் ஊர்வலப் பாட்டைத் தப்புத்தப்பாக ஊதினார். மாமா கால்வாயின் இரு பக்கமும் காலை வைத்து நின்று, கோல்கீப்பர் மாதிரிக் கைகளை விரித்துக்கொண்டு, "இது ஒண்ணைத்தான் நான் சந்தோஷமா விட்டுக் கொடுத்தேன்," என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். ஏழாம் மூலையின் நீலம் வெளிறிக்கொண்டிருந்தது. சத்தியமாக வெளிறிக்கொண்டிருந்தது. திரும்பி நிற்கிற அந்தக் கூழைக்கடாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அப்போது தவளை கத்தியது.

நீலம் வெளிறுவது நின்றிருந்தது. நான் தலையைத் தூக்கினேன். தோண்டிய பள்ளத்தின் கடல் பக்க முனையில் தண்ணீர் தேங்கி, சுழன்று, மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, வந்த வழியே திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

"இங்கேயும் அடைச்சிருக்கு," என்று கத்தினேன். "கோடு இன்னும் போகுது. கடல்வரைக்கும் போகுது."

"எந்தப் பக்கம்? சொல்லு, தோண்டறோம்," என்றார் மாமா. அவர் ஏற்கெனவே மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

நான் கோட்டைப் பார்த்தேன். நிமிர்ந்து எதிரே பார்த்தேன். மறுபடி கோட்டைப் பார்த்தேன். மைதானத்தின் முடிவில், கோடு போகிற திசையில், காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக்கொடி.

மாமாவும் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே இறக்கினார்.

"சுத்திப் போகலாமே," என்றார் மெதுவாக.

"ஒரு பக்கம் ரோட்டு மேடு. இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்துச் சுவர்."

"பம்பு?"

"சிக்லாயோவிலிருந்து வரணும்," என்றார் டாக்டர். "பாலத்தை இப்பதான் மூடினாங்களாம்."

அந்தக் கடையின் தரையைப் பற்றி எங்கள் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டோஞாவின் ஜாடிகள் கழுத்துவரை தரையில் புதைந்தவை. மண்ணின் குளிர்ச்சியில்தான் அந்தச் சிச்சா அப்படி அமைகிறது. கடந்த வெள்ளத்தில் அந்தக் கடையின் கூரையும் பாதிச் சுவரும் போயின. ஜாடிகள் மட்டும் தரையோடு தரையாக நின்று பிழைத்தன. அவற்றை வைத்துத்தான் அவர் மறுபடி எழுந்தார். தரையிலிருந்து பெயர்த்த ஜாடி பிறகு ஒழுங்காகப் புளிக்க வைப்பதில்லை, பாதி வழியிலேயே விரிசல் விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக இப்போது எல்லா ஜாடியும் நிரம்பியிருக்கிறது.

"நான் கேக்கட்டுமா?" என்றார் டாக்டர்.

"வேண்டாம். நானே கேக்கறேன்."

கூட்டத்தில் டோஞாவைக் காணவில்லை. நான் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடினேன். சட்டையெல்லாம் சேறு. மார்பில் மடிக்கணினியை அணைத்திருந்தேன். ஓடும்போதே என் முன்கையில் ஒரு சொட்டு விழுந்தது. சூடான, கனத்த சொட்டு. அடுத்தது கன்னத்தில். பயத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் அந்தக் கல்லையும் அதில் ஓடிய தண்ணீரையும் நினைத்தபோது இன்னும் வேகமாக அடித்துக்கொண்டது. அது வேலை செய்கிறது. இத்தனை காலத்துக்குப் பிறகும் வேலை செய்கிறது. இன்னும் ஒரே ஒரு இடம்தான்.

கடையின் கதவு திறந்திருந்தது. தகரக் கூரையில் மழை ஒன்றிரண்டாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. டோஞா எவுஃபேமியா உள்ளே, ஜாடிகளுக்கு நடுவே, பச்சைக் கவுனைச் சுருட்டிச் செருகிக்கொண்டு நின்றார். ஒரு ஜாடியிலிருந்து சுரைக்குடுவையில் சிச்சா மொண்டுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வா ராணி. திங்கட்கிழமைக் கணக்கு பாக்கி இருக்கு. தண்ணி ஓடினதைப் பார்த்ததும் நினைச்சேன், வாகாவுக்கு ஊத்திட்டு வந்துடலாம்னு. நீ முதல்ல ஒரு வாய் குடி, நடுங்கறே பாரு."

குடுவையை நீட்டினார். நான் வாங்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, அவர் பக்கமாகத் திருப்பினேன். கோடு ஒளிர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது: சுவர், கோல்கம்பம், மைதானம். அங்கிருந்து தம் காலடியில் இருந்த தரைக்கு வந்தது. வரிசையாகக் கழுத்து நீட்டியிருந்த ஜாடிகளுக்கு வந்தது. சிரிப்பு முகத்தைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதை அங்கேயே மறந்து வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கூரையில் சத்தம் கூடியது. வெளியே மண்வெட்டிகளோடு வந்தவர்கள் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கைபேசி என் பையில் கத்திக்கொண்டே இருந்தது.

"டோஞா," என்றேன். "ஜாடியை எல்லாம் எடுத்துட்டுத் தரையை உடைக்கணும். இப்பவே. விடுவீங்களா?"